வென்றே தோற்ற படை

அத்தியாயம் 12: கரோலினாவிலிருந்து கடலூர் வரை

1780 மே 12 அன்று சார்லஸ்டன் நகரம் விழுந்ததோடு சென்ற அத்தியாயம் முடிந்தது. தளபதி பெஞ்சமின் லிங்கன் 5,000-க்கும் மேற்பட்ட வீரர்களோடு சரணடைந்தார். அமெரிக்க விடுதலைப் போர் முழுவதிலும் குடியேற்றத் தரப்பு கண்ட மிகப் பெரிய சரணாகதி அதுதான். சரிவு அதோடு நிற்கவில்லை. ஆகஸ்டு 16 அன்று கேம்டன் களத்தில் ஹொரேஷியோ கேட்ஸின் படையும் சிதறி ஓடியது. செப்டம்பரில் பெனடிக்ட் அர்னால்டின் துரோகம் அம்பலமானது. காங்கிரஸ் அச்சடித்த காகிதப் பணம் செல்லாக்காசாகிவிட்டது. 1781 புத்தாண்டு நாளில், சம்பளமும் சாப்பாடும் கிடைக்காத பென்சில்வேனியாப் படைப்பிரிவு கலகத்தில் இறங்கியது. இவ்வளவு மோசமான நிலையில் இருந்த போர், 1781 அக்டோபர் 19 அன்று யார்க்டவுனில் காரன்வாலிஸ் பிரபுவின் படை ஆயுதங்களைக் கீழே வைத்ததும் முடிவுக்கு வந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். பதினேழு மாதத்துக்குள் அப்படி என்னதான் நடந்தது? பிரெஞ்சுக் கப்பற்படை வந்தது, வாஷிங்டன் விரைந்தார், காரன்வாலிஸ் சிக்கினார் என்பது வழக்கமான பதில். அந்தப் பதில் பொய்யில்லை, ஆனால் பாதிதான். பிரிட்டனின் கையிலிருந்து அமெரிக்கா நழுவியது அதற்கு முன்பே, வடக்கு, தெற்குக் கரோலினாக்களில் நடந்த படையெடுப்பில்தான். அங்கே பிரிட்டன் பெரும்பாலான களங்களை வென்றது. அப்படி வென்றே நாட்டை இழந்தது. அது எப்படி என்பதை இந்த அத்தியாயத்தில் சான்றுகளோடு பார்ப்போம்.

பிரிட்டனின் தெற்குத் திட்டத்தை மடமை என்று ஒதுக்கிவிட முடியாது. 1778-ல் பிரான்ஸ் போரில் குதித்த பிறகு, சர்க்கரை விளையும் கரீபியத் தீவுகள், ஜிப்ரால்டர், இங்கிலாந்தின் சொந்தக் கடற்கரை, இந்தியா என்று எல்லாத் திக்கிலும் காவல் போட வேண்டிய நிலை பிரிட்டனுக்கு. அமெரிக்காவுக்கு இனிப் பெரும்படை அனுப்ப வழியில்லை. ஆகவே காலனிகளுக்குப் பொறுப்பான அமைச்சர் ஜார்ஜ் ஜெர்மேன் ஒரு கணக்குப் போட்டார். தென் மாநிலங்களில் மன்னருக்கு விசுவாசமான குடிகள் ஏராளம். படை போய் ஊரைப் பிடித்துக் கொடுத்தால் போதும், அதைக் காத்து நிற்க அந்த விசுவாசிகளே திரள்வார்கள். குறைந்த படையோடு ஜார்ஜியாவில் தொடங்கி வடக்கு நோக்கி ஒவ்வொரு மாநிலமாக மீட்கலாம். 1778 டிசம்பரில் சவான்னா சுலபமாகக் கைக்கு வந்ததும் கணக்கு சரி என்றே தோன்றியது. விசுவாசிகளும் வெறும் கற்பனையில்லை. ஆயிரக்கணக்கில் உண்மையாகவே இருந்தார்கள்; துப்பாக்கி ஏந்தினார்கள்; உயிரையும் கொடுத்தார்கள். அவர்கள் திரள்வதற்கு ஒரு நிபந்தனை இருந்ததை மட்டும் லண்டன் கவனிக்கவில்லை. இன்று வந்த படை நாளையும் இருக்கும், ஊரை விட்டுப் போகாது என்ற நம்பிக்கை அவர்களுக்கு வேண்டும். அந்த நம்பிக்கையைக் கொடுக்கப் பிரிட்டனிடம் போதுமான ஆள் இல்லை.

ஆள் பற்றாக்குறையோடு அரசியல் பிழையும் சேர்ந்தது. சார்லஸ்டன் விழுந்ததும் கரோலினாக் குடிகளில் பலர் போதுமடா சாமி என்று வீட்டுக்குத் திரும்பினார்கள். இனி ஆயுதம் எடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்து ஒதுங்கி இருக்க அவர்களுக்கு அனுமதியும் கிடைத்தது. ஆனால் பிரிட்டிஷ் தலைமைத் தளபதி ஹென்றி கிளிண்டன், நியூயார்க்குக்குக் கப்பல் ஏறுவதற்கு முன், 1780 ஜூன் 3 அன்று ஓர் அறிவிப்பு வெளியிட்டார். ஒதுங்கி இருப்பது இனிச் செல்லாது. மன்னருக்குத் தீவிரமாகத் துணை நிற்காதவர் எதிரியாகவே கருதப்படுவார் என்பது அதன் சாரம். சும்மா இருக்க விரும்பியவனுக்கு அந்த வழி அடைபட்டது. துப்பாக்கி எடுத்தே ஆக வேண்டும் என்றால், யாருக்காக எடுப்பது என்று பலரும் அப்போதுதான் முடிவு செய்தார்கள். தாமஸ் சம்டரின் வீட்டைப் பிரிட்டிஷ் குதிரைப்படை எரித்தது. அவர் ஒரு படை திரட்டினார். ஆண்ட்ரூ பிக்கன்ஸ் வாக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்கியிருந்தவர். விசுவாசிகள் அவர் சொத்தைச் சூறையாடிய பிறகு அவரும் களத்துக்குத் திரும்பினார். சதுப்புக் காடுகளிலிருந்து பாய்ந்து தாக்கி மறைந்துபோகும் முறையில் பிரான்சிஸ் மரியன் தேர்ந்தவர். இந்த மூவருக்கும் ஆள் சேர்த்துக் கொடுத்ததில் கிளிண்டனின் அறிவிப்புக்குப் பெரும் பங்கு உண்டு.

முதல் பலன் 1780 அக்டோபர் 7 அன்று தெரிந்தது. தெற்கில் பிரிட்டிஷ் படையை நடத்திய காரன்வாலிஸின் இடப்புறத்தைக் காக்க, மேஜர் பேட்ரிக் பெர்குசன் தலைமையில் சுமார் 1,000 விசுவாசிகள் கிங்ஸ் மவுண்டன் என்ற குன்றில் நின்றார்கள். மலைக்கு அப்பாலிருந்து குதிரையேறி வந்த குடியேறிகள் குன்றைச் சுற்றி வளைத்து, மரங்களின் மறைவிலிருந்து சுட்டுக்கொண்டே மேலே ஏறினார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. பெர்குசன் மாண்டார், அவர் படை முழுவதும் செத்தது அல்லது பிடிபட்டது. அந்தக் களத்தில் பிரிட்டனிலிருந்து வந்தவர் பெர்குசன் ஒருவர்தான் என்று சொல்லலாம். இரு தரப்பிலும் சுட்டவர்கள் அமெரிக்கர்கள். சரணடைந்தவர்களில் ஒன்பது பேரைப் பின்னர் தூக்கிலும் போட்டார்கள். இது ஓர் உள்நாட்டுப் போர் என்பதை மறைத்துவிட்டு விடுதலை வரலாறு எழுதுவது நேர்மையாகாது. விசுவாசிகள் தனியே நின்றால் இதுதான் கதி என்ற செய்தி மட்டும் கரோலினா முழுவதும் பரவியது. ஜெர்மேனின் கணக்கில் முதல் ஓட்டை விழுந்தது.

டிசம்பர் தொடக்கத்தில் சார்லட் ஊருக்கு நத்தேனியல் கிரீன் வந்து சேர்ந்தார். ரோட் ஐலண்டைச் சேர்ந்த குவேக்கர் குடும்பத்துப் பிள்ளை. இரும்புப் பட்டறைத் தொழில் பார்த்தவர். வாஷிங்டனின் படைக்குத் தளவாட அதிகாரியாக இருந்து வண்டி, குதிரை, தீனி, படகு என்று ஒவ்வொன்றுக்கும் அலைந்த அனுபவம் அவருக்கு உண்டு. அவர் கைக்கு வந்த படை தாளில் 2,300 பேர். ஒழுங்கான உடையும் ஆயுதமும் உள்ளவர்கள் 800 பேர்கூடத் தேறவில்லை. வந்ததும் அவர் செய்த முதல் காரியம், ஆறுகளை அளந்து பார்க்க ஆள் அனுப்பியதுதான். எந்தத் துறையில் நடந்து கடக்கலாம், எங்கே படகு வேண்டும், எத்தனை படகு கிடைக்கும் என்று விவரம் சேகரித்தார். பிறகு போர்க்கலை நூல்கள் கூடாதென்று சொல்லும் ஒன்றைச் செய்தார்: வலிமையான எதிரிக்கு முன்னால் தன் சிறு படையை இரண்டாகப் பிரித்தார். ஒரே இடத்தில் அத்தனை பேருக்கும் சோறு கிடைக்காது என்பது ஒரு காரணம். எதிரியும் தன் படையைப் பிரித்துத்தான் ஆக வேண்டும் என்பது இன்னொன்று. அப்படியே நடந்தது. ஒரு பிரிவோடு மேற்கே போன டேனியல் மார்கனைத் துரத்தி பிரிட்டிஷ் குதிரைப்படைத் தளபதி பனாஸ்டர் டார்ல்டன் வந்தார். 1781 ஜனவரி 17 அன்று கவ்பென்ஸ் மேய்ச்சல் வெளியில் மார்கன் தன் குடிப்படையிடம் இரண்டு முறை சுட்டுவிட்டுப் பின்வாங்கினால் போதும் என்று சொல்லியிருந்தார். அதை ஓட்டம் என்று நம்பிப் பாய்ந்த டார்ல்டனின் 1,100 பேரில் 800-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள் அல்லது பிடிபட்டார்கள். காரன்வாலிஸ் தன் வேகமான காலாட்படையை ஒரே காலைப் பொழுதில் இழந்தார்.

இழந்ததை மீட்கக் காரன்வாலிஸ் எடுத்த முடிவுதான் இந்தப் படையெடுப்பின் திருப்புமுனை. ஜனவரி 25 அன்று ராம்சர்ஸ் மில் என்ற இடத்தில் படை நின்றது. கிரீனையும் மார்கனையும் எட்டிப் பிடிக்க வேண்டுமானால் சுமை குறைய வேண்டும். முதலில் தளபதி தன் சொந்தச் சாமான்களையே நெருப்பில் போட்டார். பிறகு அதிகாரிகளின் பெட்டிகள், கூடாரங்கள், வண்டிகள், மாவு மூட்டைகள் என்று ஒவ்வொன்றாக எரிந்தன. ரம் பீப்பாய்களை உடைத்து மண்ணில் ஊற்றினார்கள். வெடிமருந்து, உப்பு, மருத்துவப் பொருள் ஆகியவற்றுக்கும் நோயாளிகளுக்கும் மட்டும் சில வண்டிகள் மிஞ்சின. அடுத்து அவர்கள் நடந்தது மாரிக்காலத்தில் பெருகி ஓடும் ஆறுகளுக்கு நடுவே. கிரீன் ஒவ்வோர் ஆறாகக் கடந்து பின்வாங்கினார். பிப்ரவரி 14 அன்று, முன்கூட்டியே சேர்த்து வைத்திருந்த படகுகளில் டேன் ஆற்றைக் கடந்து வர்ஜீனியாவுக்குள் போய்விட்டார். துரத்தி வந்தவர்கள் கரைக்கு வந்தபோது படகுகளெல்லாம் அக்கரையில் இருந்தன. வடக்குக் கரோலினாவில் அமெரிக்கப் படையே இல்லை என்ற நிலை உருவானது. வரைபடத்தில் பார்த்தால் அது காரன்வாலிஸின் முழு வெற்றி. ஹில்ஸ்பரோவில் மன்னரின் கொடியை ஏற்றி விசுவாசிகளை அழைத்தார். வந்தவர்கள் சொற்பம். அவரை நோக்கி வந்துகொண்டிருந்த ஒரு விசுவாசிக் கூட்டத்தை, ஆற்றைக் கடந்து திரும்பி வந்த ஹென்றி லீயின் குதிரைப்படை வழியிலேயே வெட்டிச் சாய்த்தது. அதோடு வரத்து நின்றது.

மார்ச் 15 அன்று கில்போர்டு நீதிமன்றத்துக்கு அருகே கிரீன் போருக்கு நின்றார். அவரிடம் 4,000-க்கும் அதிகமானோர், பெரும்பாலும் குடிப்படை. காரன்வாலிஸிடம் 1,900 பேர், தேர்ந்த சிப்பாய்கள். மாலையில் களம் காரன்வாலிஸின் கையில் இருந்தது. ஆனால் அவர் படையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் செத்தும் காயம்பட்டும் கிடந்தது. அன்றிரவு கனமழை. காயம்பட்டவர்களை மூடக் கூடாரம் இல்லை. அவை ராம்சர்ஸ் மில்லில் சாம்பலாகியிருந்தன. சாப்பிட ரொட்டியும் இல்லை. விடிவதற்குள் பலர் குளிரிலும் ரத்தப்போக்கிலும் மாண்டார்கள். இன்னொரு வெற்றி இப்படிக் கிடைத்தால் நம் படை அழிந்தே போகும் என்று லண்டன் மக்களவையில் சார்ல்ஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ் எச்சரித்தது இந்த வெற்றியைப் பற்றித்தான். காயம்பட்டவர்களில் ஒரு பகுதியை எதிரியின் கருணைக்கே விட்டுவிட்டு, காரன்வாலிஸ் கடற்கரையில் உள்ள வில்மிங்டனுக்கு இறங்கினார். அங்கே போய்ச் சேர்ந்தபோது போருக்குத் தகுதியாக இருந்தவர்கள் சுமார் 1,400 பேர்.

1781 ஏப்ரலில் இரு தளபதிகளும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு எதிர் எதிர்த் திசையில் நடந்தார்கள். கரோலினாக்களுக்கு ஆளும் பண்டமும் வர்ஜீனியாவிலிருந்து வருகின்றன, வர்ஜீனியாவை அடக்காமல் கரோலினாக்களை வைத்திருக்க முடியாது என்று வாதிட்டுக் காரன்வாலிஸ் வடக்கே போனார். கிரீனோ அவரைப் பின்தொடராமல் தெற்குக் கரோலினாவை நோக்கித் திரும்பினார். அங்கே பிரிட்டன் உள்நாடு நெடுகச் சிறு கோட்டைகளை அமைத்து, சார்லஸ்டனிலிருந்து அவற்றுக்குத் தீனி அனுப்பிக்கொண்டிருந்தது. ஏப்ரல் 25 அன்று ஹாப்கர்க்ஸ் ஹில்லில் இளம் தளபதி ராடன் பிரபு கிரீனைத் தோற்கடித்தார். ஆனால் அதற்கு இரண்டு நாள் முன்புதான் மரியனும் லீயும் ராடனின் பின்புறத்தில் இருந்த வாட்சன் கோட்டையைப் பிடித்திருந்தார்கள். அவர்களிடம் ஒரு பீரங்கிகூட இல்லை. ஹெசக்கையா மகாம் என்ற அதிகாரி ஒரு யோசனை சொன்னார்: சுற்றிலும் இருந்த மரங்களை வெட்டி, துண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, கோட்டையைவிட உயரமான ஒரு பரண் கட்டுவது. ஒரே இரவில் அதை நிறுத்தினார்கள். விடிந்ததும் பரணில் ஏறிய குறிசுடுவோர் கோட்டைக்குள் அசையும் ஒவ்வொருவரையும் சுட, உள்ளே இருந்த நூற்றுச் சொச்சம் பேர் சரணடைந்தார்கள். வரத்துப் பாதை அறுபட்டதும், களத்தில் வென்ற ராடன் மே 10 அன்று கேம்டனையே கொளுத்திவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. மே 12 அன்று மோட் கோட்டை, ஜூன் 5 அன்று அகஸ்டா என்று வரிசையாக விழுந்தன.

'தொண்ணூற்றாறு' என்ற பெயருள்ள கோட்டையின் கதை என் வாதத்துக்கு மிகத் தெளிவான சான்று. அதைக் காத்தவர்கள் முழுக்க முழுக்க அமெரிக்க விசுவாசிகள். கிரீன் நாலு வாரம் முற்றுகையிட்டும் அவர்கள் அசையவில்லை. ராடன் துணைக்கு வருகிறார் என்று கேள்விப்பட்டுக் கிரீன்தான் விலகினார். வென்ற கோட்டையை ராடன் என்ன செய்தார்? ஜூலையில் காலி செய்தார். அவ்வளவு தொலைவில் ஒரு படைக்குத் தீனி அனுப்ப அவரிடம் ஆள் இல்லை. செப்டம்பர் 8 அன்று யூட்டா ஸ்பிரிங்ஸில் நடந்த கடைசிப் பெரும் போரிலும் கிரீன் களத்தை விட்டு விலகினார். ஆனால் ஐந்தில் இரண்டு பங்கை இழந்த பிரிட்டிஷ் படை சார்லஸ்டன் பக்கம் ஒதுங்கியது. நம்மூர் ஆடுபுலி ஆட்டத்தில் வெட்டுவது எப்போதும் புலிதான். ஆட்டம் முடியும்போது நகர இடமில்லாமல் அடைபடுவதும் அதே புலிதான். கிரீன் ஆடியது அந்த ஆட்டம். தான் தோற்பதும் எழுவதும் மறுபடி பொருதுவதுமாக இருப்பதாக அவரே ஏப்ரலில் எழுதிய கடிதம் இருக்கிறது. 1781 செப்டம்பரில் கணக்கெடுத்தால், தெற்கே பிரிட்டனுக்கு மிஞ்சியவை சார்லஸ்டன், சவான்னா, வில்மிங்டன் ஆகிய துறைமுகங்களும் அவற்றின் சுற்றுப்புறமும்தான். காரன்வாலிஸ் போய்ச் சேர்ந்திருந்த வர்ஜீனியாவின் யார்க்டவுனில் அப்போது முற்றுகையின் முதல் பீரங்கிகூட வெடிக்கவில்லை.

இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை அன்றைய ஐரோப்பிய அரசியலோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1781 தொடக்கத்தில் ஆஸ்திரியாவும் ரஷ்யாவும் சமரசம் பேச முன்வந்தன. போரைத் தாங்க முடியாமல் கடனில் மூழ்கிக்கொண்டிருந்த பிரான்சின் வெளியுறவு அமைச்சர் வெர்ஜென், யார் கையில் எந்த நிலம் இருக்கிறதோ அதை அவரிடமே விட்டு நீண்டகாலப் போர் நிறுத்தம் செய்யலாமா என்று யோசிக்கும் அளவுக்குத் தளர்ந்திருந்தார். அந்த யோசனை பலித்திருந்தால் ஜார்ஜியாவும் கரோலினாக்களும் பிரிட்டனிடமே தங்கியிருக்கலாம். விடுதலை பெற்ற நாடு பதின்மூன்று மாநிலங்களாக இருந்திருக்காது. கிரீனின் படை ஒவ்வொரு கோட்டையாகப் பறித்தபோது அந்தப் பேரத்தின் அடித்தளமே சரிந்தது.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதல் மறுப்பு வலுவானது: யார்க்டவுனை வென்றது பிரெஞ்சுக் கப்பற்படைதானே? ஆம், அந்த முற்றுகையைப் பொறுத்தவரை அதில் சந்தேகமே வேண்டாம். வாஷிங்டனின் கண் நியூயார்க் மீதே இருந்தது. கரீபியத்திலிருந்து பிரெஞ்சு அட்மிரல் தெ கிராஸ் செசபீக் விரிகுடாவுக்கு வருகிறார் என்ற செய்தி ஆகஸ்டு 14 அன்று கிடைத்ததும்தான் வாஷிங்டனும் பிரெஞ்சுத் தளபதி ரோஷாம்போவும் தெற்கே திரும்பினார்கள். வழியில் அமெரிக்க வீரர்கள் சம்பளம் கேட்டு முரண்டு பிடிக்க, பிரெஞ்சுக் கருவூலத்திலிருந்து கடன் வாங்கி நாணயமாகக் கொடுத்தார்கள். தெ கிராஸ் 28 பெரும் போர்க்கப்பல்களோடும் 3,000 வீரர்களோடும் ஹவானாவில் திரட்டிய பணத்தோடும் வந்தார். செப்டம்பர் 5 அன்று விரிகுடாவின் வாயிலில் அவருடைய 24 கப்பல்கள் அட்மிரல் கிரேவ்சின் 19 கப்பல்களோடு மோதின. கிரேவ்ஸ் நியூயார்க்குக்குத் திரும்பினார். கடல்வழி அடைபட்டது. அக்டோபர் 9 அன்று பீரங்கிகள் முழங்கத் தொடங்கின. 14 இரவு இரண்டு அரண்களை அலெக்சாண்டர் ஹாமில்டனின் ஆட்களும் பிரெஞ்சு வீரர்களும் ஆளுக்கொன்றாகப் பிடித்தார்கள். 16 இரவு எதிர்க்கரைக்குத் தப்ப முயன்ற காரன்வாலிஸைப் புயல் தடுத்தது. 19 அன்று 7,000-க்கும் மேற்பட்டோர் ஆயுதம் வைத்தார்கள். சரணடையும் சடங்குக்குக் காரன்வாலிஸ் வரவில்லை. அவர் அனுப்பிய துணைத் தளபதி ஓஹாராவின் வாளை ஏற்கும் பொறுப்பு, சார்லஸ்டனில் தோற்ற அதே லிங்கனுக்குத் தரப்பட்டது. கிளிண்டன் துணைக்கு அனுப்பிய கப்பல்கள் நியூயார்க்கை விட்டுக் கிளம்பியது அதே நாளில்.

இவ்வளவும் உண்மை என்றாலும், கப்பற்படை அடைத்தது ஒரு கதவை மட்டும்தான். காரன்வாலிஸ் அந்தக் கதவுக்குள் ஏன் இருந்தார் என்ற கேள்விக்குக் கடலில் பதில் இல்லை. கரோலினாவில் அவர் படை உருக்குலையாமல் இருந்திருந்தால் வர்ஜீனியாவுக்குப் போக வேண்டிய தேவையே வந்திருக்காது. கிரேவ்ஸ் வென்று காரன்வாலிஸைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார் என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் படை எங்கே இறங்கியிருக்கும்? கேம்டன், அகஸ்டா, தொண்ணூற்றாறு என்று 1780-ல் பிடித்த அத்தனையையும், அதைவிடக் குறைந்த ஆளோடு, ஏமாந்துபோன விசுவாசிகளின் நடுவே மறுபடி முதலிலிருந்து பிடிக்க வேண்டியிருந்திருக்கும். அதற்கு 1780-ல் இருந்த வாய்ப்பில் பாதிகூட 1781-ல் இல்லை. யார்க்டவுன் இல்லாவிட்டால் போர் இன்னும் சில ஆண்டுகள் இழுத்திருக்கலாம். முடிவு மாறியிருக்கும் என்று நினைக்கச் சான்று இல்லை.

இரண்டாவது மறுப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து வரும்: யார்க்டவுனுக்குப் பிறகும் நியூயார்க், சார்லஸ்டன், சவான்னா பிரிட்டன் வசமே இருந்தன, வலுவான படையும் இருந்தது, போரை நிறுத்தியது லண்டன் அரசியல்தானே? மூன்றாம் ஜார்ஜ் மன்னர் போரைத் தொடரவே விரும்பினார். ஆனால் 1782 பிப்ரவரி 27 அன்று, அமெரிக்காவில் இனித் தாக்குதல் போர் வேண்டாம் என்று மக்களவை வெறும் 19 வாக்கு வித்தியாசத்தில் தீர்மானித்தது. மார்ச்சில் பிரதமர் நார்த் பதவி விலகினார். இது அரசியல் முடிவுதான், மறுக்கவில்லை. ஆனால் அரசியல் காற்றில் நடப்பதில்லை. சரடோகாவில் 1777-ல் ஒரு படை முழுவதும் சரணடைந்தபோது அதே மக்களவை போரைத் தொடர ஒப்புக்கொண்டது; ஏனென்றால் அப்போது தெற்குத் திட்டம் என்ற அடுத்த நம்பிக்கை மிச்சமிருந்தது. 1782-ல் அப்படி முன்வைக்க எந்தத் திட்டமும் இல்லை.

போரை நிறுத்திய இன்னொரு காரணம் நம் கடற்கரையில் இருக்கிறது. பிரான்சோடு போர் தொடங்கிய செய்தி வந்ததும் 1778-ல் கிழக்கிந்தியக் கம்பெனி புதுச்சேரியைப் பிடித்தது. 1779-ல் மாஹேயைப் பிடித்தது. மாஹே தன் பாதுகாப்பில் உள்ளதென்று கருதிய ஹைதர் அலி 1780-ல் கர்நாடகப் பகுதிக்குள் இறங்கி, செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படையை அழித்தார். கேம்டனும் பொள்ளிலூரும் ஒரே மாத இடைவெளியில் நடந்தவை. இரண்டின் சுமையும் ஒரே பேரரசின் மேல் விழுந்தது. அமெரிக்கர்களும் இதை அறிந்திருந்தார்கள்: 1782 ஏப்ரலில் டெலவேர் விரிகுடாவில் பிரிட்டிஷ் கப்பல் ஒன்றைப் பிடித்த பென்சில்வேனியாப் போர்க்கப்பலின் பெயரே 'ஹைதர் அலி'. அந்த ஆண்டு முழுவதும் சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலைக் கடல்களில் பிரெஞ்சு அட்மிரல் சுஃப்ரான் பிரிட்டனின் எட்வர்டு ஹியூசை மறுபடி மறுபடி எதிர்கொண்டார். 1783 ஜூனில் கடலூரில் இருந்த புஸ்ஸியின் பிரெஞ்சுப் படையை ஜேம்ஸ் ஸ்டூவர்ட் முற்றுகையிட்டார். ஜூன் 20 அன்று சுஃப்ரானின் 15 கப்பல்கள் ஹியூசின் 18 கப்பல்களைக் கடலூருக்கு எதிரே தாக்கி விலகச் செய்தன; 25 அன்று கோட்டையிலிருந்து ஒரு பாய்ச்சலும் நடந்தது. ஐரோப்பாவில் பிரான்சும் பிரிட்டனும் ஜனவரி 20 அன்றே சமாதானத்துக்கு உடன்பட்டிருந்தன. அந்தச் செய்தி ஜூன் கடைசியில் கடலூரை எட்டும் வரை இங்கே மனிதர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். மசாசுசெட்ஸில் 1775-ல் மூண்ட போரின் கடைசிப் பெரிய மோதல் தமிழகக் கரையில் நடந்தது. கரோலினாவுக்கு இன்னும் பத்தாயிரம் பேரை அனுப்பு என்று யாராவது கேட்டிருந்தாலும், பிரிட்டனால் ஏன் முடிந்திருக்காது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இந்த வெற்றி யாருக்கு விடுதலை தந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். பிரிட்டிஷ் படையிடம் போனால் அடிமைத்தளை நீங்கும் என்று நம்பி ஓடிவந்த கறுப்பின மக்கள் ஆயிரக்கணக்கானோர். யார்க்டவுனில் உணவு தீர்ந்ததும் காரன்வாலிஸ் அவர்களை வெளியே விரட்டினார், அம்மை நோயிலும் பசியிலும் பலர் காட்டிலேயே மாண்டார்கள். மறுபக்கத்தில், அடிமைகளுக்கு விடுதலை கொடுத்துப் படையில் சேர்க்கலாம் என்று அமெரிக்க அதிகாரி ஜான் லாரன்ஸ் வைத்த யோசனையைத் தெற்குக் கரோலினாச் சட்டமன்றம் தள்ளிவிட்டது. 1782 ஆகஸ்டு 27 அன்று காம்பகீ ஆற்றங்கரையில் நடந்த ஒரு சிறு மோதலில் லாரன்ஸ் உயிரிழந்தார். கிரீனுக்கு மாநிலங்கள் பரிசாகத் தந்தவை விசுவாசிகளிடமிருந்து பறித்த தோட்டங்கள். அவற்றில் அடிமைகளின் உழைப்பையே அவரும் ஏற்றுக்கொண்டார். அவருடைய போர்த்திறமையைப் போற்றும்போது இந்தக் களங்கத்தையும் மறைக்காமல் எழுதுவதே வரலாற்றுக்குச் செய்யும் நியாயம்.

1782 ஜூலையில் சவான்னாவும், டிசம்பர் 14 அன்று சார்லஸ்டனும், 1783 நவம்பர் 25 அன்று நியூயார்க்கும் காலியாயின. இந்த மூன்று நகரங்களில் எதையும் அமெரிக்கர்கள் தாக்கிப் பிடிக்கவில்லை. உள்நாடு கைவிட்டுப் போனதும் துறைமுகத்தை வைத்திருப்பதில் பொருள் இல்லையென்று பிரிட்டனே கப்பல் ஏறியது. களத்தை வெல்வது வேறு, மக்கள் வாழும் நிலத்தை வைத்திருப்பது வேறு. ஆளும் நம்பிக்கையும் தீனியும் இல்லாத படை எத்தனை போர் வென்றாலும் அந்நிய மண்ணில் நிலைக்காது என்பதே கரோலினாப் படையெடுப்பின் தீர்ப்பு. தோற்ற தளபதி காரன்வாலிஸ் 1786-ல் கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு வந்தார். 1791-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாசல்வரை போனவருக்கு, மாடும் தானியமும் இல்லாமல் முற்றுகைப் பீரங்கிகளைத் தாமே உடைத்துவிட்டுத் திரும்ப நேர்ந்தது. இந்த முறை அவர் எதிரியைத் துரத்திக்கொண்டு ஓடவில்லை. வழியிலுள்ள மலைக்கோட்டைகளைப் பிடித்து, தானிய வரத்தை உறுதி செய்துகொண்டு 1792-ல் மறுபடி வந்தார். திப்பு சுல்தான் பாதி ராஜ்ஜியத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. திண்டுக்கல்லும் பாரமகாலும் கம்பெனியின் கைக்குப் போனது அந்த ஆண்டில்தான்.